வாசிக்கப்படாத வாசகங்கள்

தமிழில் வாசிப்பு அருகிவிட்டது என்னும் புலம்பல் சிற்றிதழ்ச் சூழலில் ஓயாமல் கேட்கிறது. ஆனால் அதே சூழல் ஒருபோதும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத பெரும் வாசிப்பு ஒன்று வாரந்தவறாமல் நடந்துகொண்டிருக்கிறது. குமரிக் கடற்கரையிலும், காவிரிப் படுகையிலும், மன்னாரிலும், யாழ்ப்பாணத்திலும் ஞாயிறுதோறும் கத்தோலிக்கத் திருப்பலியில் முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம், நற்செய்தி வாசகம் என நான்கு பகுதிகள் உரக்கப் படிக்கப்படுகின்றன. ஆமோஸின் சினமும், எசாயாவின் பாடலும், பவுலின் தருக்கமும், லூக்காவின் உவமைகளும் எழுத்தறியாத மூதாட்டியின் செவியிலும் கல்லூரி மாணவனின் செவியிலும் ஒருசேர விழுகின்றன. உலக இலக்கியத்தின் பழம்பிரதிகளுள் ஒன்று, தமிழில், கூட்டமாக அமர்ந்த மக்கள்முன், வாரம் ஒருமுறை வாசிக்கப்படுகிறது. இதற்கு நிகரான பொதுவாசிப்பு நம்மிடையே வேறு எத்தனை உண்டு?

வாசகங்களைத் தொடர்ந்து வருவது மறையுரை. அம்மறையுரைக்குத் துணையாகத் தமிழில் ஒரு தனி எழுத்துவகையே உருவாகியிருக்கிறது. 'ஞாயிறு மறையுரைச் சிந்தனைகள்', 'இறைவார்த்தைச் சிந்தனை' என்பன போன்ற பெயர்களில் நூல்தொகுதிகளாகவும், சமய இதழ்களின் நிலையான பக்கங்களாகவும், இப்போது இணையத்திலும் குவிந்து கிடக்கும் எழுத்து அது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கிக் கிறிஸ்து அரசர் பெருவிழா வரை ஆண்டின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் இரண்டு பக்கம், மூன்று பக்கம். இவ்வெழுத்துவகையைப் பற்றித்தான் இங்குப் பேச விரும்புகிறோம். எங்களுள் ஞாயிறு திருப்பலி தவறாதவரும் உண்டு. கோயிற்படி மிதிக்காதவரும் உண்டு. ஆகவே இறையியல் வழக்கெதையும் நாங்கள் தொடுக்கவில்லை. எங்கள் குற்றச்சாட்டு ஒன்றே ஒன்று: இச்சிந்தனைகளுள் பெரும்பாலானவை வாசகத்தை வாசிப்பதில்லை.

இக்குற்றச்சாட்டின் பொருள் விளங்க, வாசகநூல் எவ்வாறு அமைந்தது என்பதைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, விவிலியக் கருவூலம் மக்களுக்குத் தாராளமாகத் திறந்துவிடப்பட வேண்டும் எனக் கோரியது. அதுவரை ஓராண்டுச் சுழற்சியே வழக்கில் இருந்தது. பழைய ஏற்பாடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறத்தாழக் கேட்கப்படவே இல்லை. 1969இல் வெளிவந்து, அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் திருவருகைக்கால முதல் ஞாயிறன்று நடைமுறைக்கு வந்த புதிய வாசகநூல் மூவாண்டுச் சுழற்சியைக் கொண்டது. முதல் ஆண்டு மத்தேயுவுக்கு, இரண்டாம் ஆண்டு மாற்குவுக்கு, மூன்றாம் ஆண்டு லூக்காவுக்கு. யோவான் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் இடம்பெறுகிறார். மாற்கு குறுகியது என்பதால், மாற்கு ஆண்டின் ஐந்து ஞாயிறுகளில் யோவானின் ஆறாம் அதிகாரமும் புகுகிறது. இது பெரும் பணி என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. சீர்திருத்தத் திருச்சபைகள் பலவும் இதைத் தழுவியே தம் வாசக அட்டவணையை அமைத்துக்கொண்டன.

எனினும் வாசகநூல் விவிலியம் அன்று. விவிலியத்திலிருந்து எடுத்துக் கட்டப்பட்ட தொகைநூல். தொகைநூல் என்றால் என்னவென்று தமிழ் வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாலடி முதல் எட்டடி வரை என ஒருவர் எல்லை வகுத்ததால்தான் குறுந்தொகை குறுந்தொகையாயிற்று. எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது, எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்னும் முடிவுகளில் தொகுத்தோரின் மனம் செயற்படுகிறது. தொகுப்பே ஒருவகை உரை. அந்த உரையை உணராமல் வாசகத்துக்குச் 'சிந்தனை' எழுதுவது, கத்தரித்து ஒட்டிய துணியை முழுச் சேலையென நம்பி விலை பேசுவதற்கு ஒப்பானது.

கத்தரி எங்கெங்கு விழுந்திருக்கிறது என்று பாருங்கள். உயிர்ப்புப் பெருவிழாவின் பகல் திருப்பலிக்கு உரிய நற்செய்தி யோவான் 20:1-9. மகதலா மரியா இருளில் கல்லறைக்கு வருகிறார், ஓடிச்சென்று சொல்கிறார், சீடர் இருவர் ஓடிவந்து பார்க்கின்றனர். அத்துடன் வாசகம் முடிந்துவிடுகிறது. அடுத்த வரிகளில்தான் அப்பெண் கல்லறையருகே அழுதுகொண்டு நிற்பதும், எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என எண்ணுவதும், பெயர் சொல்லி அழைக்கப்பட்டதும் அறிந்துகொள்வதும், செய்தி சொல்ல அனுப்பப்படுவதும் வருகின்றன. உலக இலக்கியத்தில் அறிதற்காட்சி என்று சொல்லப்படுவனவற்றுள் மிகச் சிறந்த ஒன்று இது. ஒரே ஒரு பெயர்ச்சொல்லில் கதை முழுவதும் திரும்புகிறது. இப்பகுதி பாஸ்கா எண்கிழமையின் செவ்வாயன்று படிக்கப்படுகிறது. செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு வருவோர் எத்தனைபேர் என்பதை ஒவ்வொரு பங்கும் அறியும். முந்தின இரவின் திருவிழிப்பில் பெண்கள் கல்லறைக்குச் சென்ற பகுதி படிக்கப்படுகிறது என்பது உண்மை. ஆயினும் பெருங்கூட்டம் திரளும் பகற்பொழுதில் முதற்சாட்சி பாதி வழியில் நிறுத்தப்படுகிறார் என்பதும் உண்மை.

லூக்கா ஆண்டில், கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய ஞாயிறன்று மரியா எலிசபெத்தைச் சந்திக்கும் பகுதி படிக்கப்படுகிறது. அது 45ஆம் வசனத்தில் முடிகிறது. 46ஆம் வசனத்தில் மரியாவின் பாடல் தொடங்குகிறது. அரியணையில் இருப்போரைக் கீழே இறக்கிப் பசித்தோரை நிறைத்துச் செல்வரை வெறுங்கையராய் அனுப்பும் கடவுளைப் பாடும் பாடல் அது. ஆகஸ்ட் 15 அன்று அது படிக்கப்படுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் புத்தாடையும் பலகாரமும் வாங்கும் வாரத்தில் வாழ்த்தொலி மட்டும் கேட்கிறது. வாழ்த்தப்பட்டவள் வாய்திறந்து பாடுவதற்குள் வாசகம் முடிந்துவிடுகிறது.

இன்னும் கூர்மையான முரண் மாற்குவில் இருக்கிறது. பெத்தானியாவில் பெயரறியாப் பெண்ணொருத்தி இயேசுவின் தலையில் நறுமணத் தைலம் ஊற்றுகிறாள்; உலகில் நற்செய்தி சொல்லப்படும் இடமெங்கும் இவள் செய்ததும் நினைவுகூரப்படும் என்று அவர் வாக்களிக்கிறார். குருத்து ஞாயிறுக்கான திருப்பாடுகளின் நீண்ட வாசகத்தில் இந்நிகழ்ச்சி உண்டு. 'அல்லது குறுகிய வாசகம்' எனத் தரப்படும் மாற்று வடிவில் இல்லை. அது 15ஆம் அதிகாரத்தில்தான் தொடங்குகிறது. நினைவுகூரப்படுவாள் என்ற வாக்கைச் சொன்னவரின் பெயரால் கூடும் கூட்டத்தில், நேரம் போதவில்லை என்பதற்காக அவளே முதலில் விடப்படுகிறாள்.

பட்டியல் நீளும். பதினெட்டு ஆண்டுகள் கூன் விழுந்து கிடந்த பெண்ணை நிமிர்த்தும் லூக்கா 13:10-17 எந்த ஞாயிற்றுக்கும் இல்லை. அது ஒரு திங்கட்கிழமைக்கு உரியது. பார்வோனின் ஆணையை ஏமாற்றி ஆண்குழந்தைகளைக் காத்த மருத்துவச்சிகள் சிப்ரா, பூவா ஆகியோரின் கதை வாரநாள் வாசகத்திலும் இல்லை. விடுதலைப் பயணத்தின் முதல் அதிகாரத்தைப் படிக்கும் நாளில் 14ஆம் வசனத்திலிருந்து நேரே 22ஆம் வசனத்துக்குத் தாவுகிறார்கள். உரோமையர் திருமுகத்தின் இறுதியில் பவுல் பரிந்துரைக்கும் பெயிபா என்னும் பெண்ணும் அவ்வாறே. அவருக்குரிய இரு வசனங்களை விட்டு மூன்றாம் வசனத்தில் வாசகம் தொடங்குகிறது. தற்செயல் ஒருமுறை நிகழலாம். இத்தனை முறை நிகழ்ந்தால் அதற்குப் பெயர் தற்செயல் அன்று.

பெண்களுக்கு அடுத்தபடியாகக் கத்தரிக்கு இலக்கானது சினம். பாபிலோன் ஆற்றங்கரையில் அழும் திருப்பாடல், கொடூரமான பழிவாங்கல் வேட்கையில் முடிவது. தவக்காலத்தில் அது பாடப்படும்போது அம்முடிவு நீக்கப்படுகிறது. திருப்புகழ்மாலையில் மூன்று சாபப் பாடல்கள் முழுமையாகவே கைவிடப்பட்டன. யோபு மூன்றாண்டுச் சுழற்சியின் பொதுக்கால ஞாயிறுகளில் இரண்டே இரண்டு முறை தலைகாட்டுகிறார். ஒருமுறை வாழ்வின் அயர்ச்சியைச் சொல்ல, மற்றொருமுறை புயலினின்று கடவுள் பேசுவதைக் கேட்க. இவ்விரண்டுக்கும் இடையில் முப்பது அதிகாரங்களாக அவர் கடவுளை வழக்குமன்றத்துக்கு இழுக்கும் பகுதி ஞாயிறு மக்களுக்குத் தெரியாது. கேள்வி இல்லாமல் விடை மட்டும் வாசிக்கப்படுகிறது.

தொகுத்தவர்களுக்குக் காரணங்கள் இருந்திருக்கும். பொதுவழிபாட்டில் ஒரு சாபப் பாடலை எவ்வாறு பாடுவது என்பது எளிய வினா அன்று. நாம் கேட்பது வேறு. வெட்டப்பட்டது என்பதை யார் சொல்வது? வாசகநூல் சொல்லாது, அதன் இயல்பு அது. சொல்ல வேண்டிய இடம் சிந்தனை எழுதுவோரின் பக்கம். இவ்வகைத் தொகுதிகளைப் புரட்டிப் பார்த்த வரையில், இன்றைய வாசகம் நடுவில் தொடங்குகிறது, முன்னே இன்னது இருக்கிறது, பின்னே இன்னது விடப்பட்டிருக்கிறது என்று எழுதும் பக்கங்கள் அரிதினும் அரிது. எடுத்துக்காட்டாக ஆமோஸ். மாற்கு ஆண்டின் பொதுக்காலப் பதினைந்தாம் ஞாயிறன்று, பெத்தேல் கோயிற்குரு அமட்சியா அவரை நாட்டைவிட்டு ஓடச் சொல்கிறார். நான் இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்தவன் அல்லேன், ஆடு மேய்ப்பவன் என்று ஆமோஸ் மறுமொழி கூறுகிறார். ஏன் ஓடச் சொன்னார்? அரசனின் அழிவை ஆமோஸ் முன்னறிவித்ததும், அமட்சியா அதை அரசனுக்குக் கோள் சொல்லி அனுப்பியதும் முந்தைய இரு வசனங்களில் உள்ளன. அவை படிக்கப்படுவதில்லை. ஆகவே கோயிலும் கோட்டையும் கைகோத்த அரசியற்காட்சி, எளியவனையும் கடவுள் அழைப்பார் என்னும் 'இறையழைத்தல்' சிந்தனையாக வற்றிப்போகிறது.

அடுத்த குறை முறையியல் சார்ந்தது. 'இன்றைய மூன்று வாசகங்களும் நமக்கு ஒரே கருத்தை உணர்த்துகின்றன' என்று தொடங்கும் சிந்தனைகளை எண்ணி மாளாது. இவ்வாறு எழுதுவோர் தம் கையிலுள்ள நூலின் அமைப்பையே அறியாதவர்கள் என்று நாங்கள் துணிந்து கூறுவோம். பொதுக்காலத்து ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்தியோடு பொருந்துமாறு தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டாம் வாசகம் அவ்வாறன்று. அது ஒரு திருமுகத்தை வாரவாரம் தொடர்ச்சியாக வாசித்துச் செல்வது. மற்ற இரண்டோடும் அதற்குத் திட்டமிட்ட தொடர்பு கிடையாது. இல்லாத தொடர்பை இழுத்துக்கட்டும் முயற்சியில் பவுலின் வாதம் ஒரு பொன்மொழியாகச் சிறுத்துவிடுகிறது. அல்லது இரண்டாம் வாசகம் கண்டுகொள்ளப்படாமலே போகிறது.

போனால் என்ன என்று கேட்கலாம். 2025 செப்டம்பர் 7, பொதுக்காலத்தின் இருபத்து மூன்றாம் ஞாயிறு. அன்றைய இரண்டாம் வாசகம் பிலமோனுக்குப் பவுல் எழுதிய திருமுகம். விவிலியத்தின் மிகச் சிறிய நூல்களுள் ஒன்றான இது மூன்றாண்டுகளில் ஒரேயொரு ஞாயிறு மட்டும் ஒலிக்கிறது. ஓடிப்போன அடிமை ஒனேசிமுவை அவனுடைய ஆண்டையிடமே பவுல் திருப்பி அனுப்புகிறார். இனி அவனை அடிமையாக அல்ல, உடன்பிறந்தவனாக ஏற்றுக்கொள் என்று வேண்டுகிறார். கட்டளையிடும் உரிமை தமக்குண்டு எனச் சொல்லிவிட்டுக் கட்டளையிடாமல் கெஞ்சுகிறார். ஆண்டையின் பெருமிதத்தைத் தடவிக்கொடுத்தபடியே அவனுடைய உரிமையைப் பிடுங்கும் சொல்வன்மை அதில் இருக்கிறது. அடிமைமுறையை அவர் ஏன் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை என்னும் உறுத்தலும் அதிலேயே இருக்கிறது. ஆண்டை, அடிமை என்னும் இரு சொற்களும் நேற்றுவரை நாள்வழக்கில் இருந்த ஒரு மொழியில் இத்திருமுகம் படிக்கப்படும் ஞாயிறு சாதாரண ஞாயிறாக இருக்க இயலுமா? அன்று நம் சிந்தனைப் பக்கங்கள் பேசியவை பெரும்பாலும் சிலுவை சுமத்தலையும் திட்டமிடலையும் பற்றியே. அன்றைய நற்செய்தியில், கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்கிடும் மனிதர் ஒருவர் வருகிறார் அல்லவா!

இனிக் கதைகளுக்கு வருவோம். ஏறக்குறைய ஒவ்வொரு சிந்தனையும் ஒரு கதையோடு தொடங்குகிறது. ஊர்பேர் இல்லாத அரசன், பெயரில்லாத துறவி, வெளிநாட்டுக் கோடீசுவரர், கிணற்றில் விழுந்த கழுதை. கதை முடிந்ததும் 'இயேசுவும் இதையே சொல்கிறார்' என்ற ஒரு வரி. நாற்பது வயதில் பாறைமேல் மோதித் தன் அலகை உடைத்துக்கொண்டு புதுவாழ்வு பெறும் கழுகின் கதையை அறியாதார் இல்லை. கழுகு என்ற சொல் வாசகத்தில் எங்கு வந்தாலும் இக்கதை பறந்து வந்து அமர்ந்துவிடும். எந்தக் கழுகும் அவ்வாறு செய்வதில்லை. அலகுடைந்த கழுகு பட்டினியால் சாகும். இயற்கையைப் பற்றிய பொய்யொன்றைப் பலிபீடத்தருகே நின்று சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். உவமை சொல்வதில் இணையற்ற ஒருவரின் உவமையை வாசித்து முடித்த மறுகணமே, அதைவிட மட்டமான உவமையால் அதை விளக்க முற்படுவதன் துணிச்சல்தான் எங்களை வியக்க வைக்கிறது.

அவருடைய உவமையையே எடுத்துக்கொள்வோம். மத்தேயு ஆண்டின் இறுதியில், கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு முந்தைய ஞாயிறன்று தாலந்து உவமை படிக்கப்படுகிறது. தமிழ்ச் சிந்தனைகள் அனைத்தும் ஒரே குரலில் 'கடவுள் தந்த திறமைகளை வளர்ப்போம்' என்று பாடுகின்றன. தாலந்து என்பது ஓர் எடை, வெள்ளியின் எடை. ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் தெனாரியம். ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி என்பதை அதே மத்தேயுவின் திராட்சைத் தோட்ட உவமையே சொல்கிறது. ஆக, ஒரு தாலந்து என்பது ஒரு கூலியாளின் சுமார் இருபதாண்டு உழைப்பு. ஆங்கிலத்தில் அச்சொல் திறமை என்று பொருள்படலாயிற்று என்றால், அது இவ்வுவமைக்குப் பிற்காலத்தில் சொல்லப்பட்ட விளக்கத்தின் விளைவு. தமிழில் தாலந்துக்கு அப்பொருள் இயல்பாக உரியது அன்று. ஆங்கிலச் சொல்லின் பிற்காலப் பொருளைத் தமிழ்வாசகத்தில் ஏற்றிவிட்டு, கதையிலுள்ள பணத்தைக் காணாமல் ஆக்கிவிடுகிறோம். விதைக்காத இடத்தில் அறுக்கும் கடின மனிதர் நீர் என்று மூன்றாம் பணியாளன் ஆண்டவனின் முகத்துக்கு நேரே சொல்கிறான். அவரும் அதை மறுக்கவில்லை. யார் இந்த ஆண்டவன்? கடவுள்தானா? அடுத்த ஞாயிறு அதே அதிகாரத்தின் தொடர்ச்சி படிக்கப்படுகிறது. அங்கே பசித்தோரோடும் சிறைப்பட்டோரோடும் தம்மை ஒன்றாக்கிக்கொள்ளும் அரசர் வருகிறார். விதைக்காமல் அறுக்கும் ஆண்டவனும் பசியோடிருக்கும் அரசரும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் எதிரெதிரே நிற்கிறார்கள். இதைவிடக் கூரிய வினாவை வேறெந்தக் கதாசிரியர் எழுப்பியிருக்கிறார்? இரு ஞாயிறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று நம் சிந்தனைகளுக்குத் தோன்றுவதில்லை.

எசாயாவின் திராட்சைத் தோட்டப் பாடலுக்கும் இதே கதிதான். காதற்பாட்டாகத் தொடங்கிக் குற்றப்பத்திரிகையாக முடியும் அப்பாடலின் இறுதியில் எபிரேயத்தில் ஒரு சொல்விளையாட்டு இருக்கிறது. கடவுள் மிஷ்பாத்தை எதிர்பார்த்தார், கிடைத்தது மிஸ்பாஹ். செதாகாவை எதிர்பார்த்தார், கிடைத்தது செஆகா. நீதி ஓர் ஒலி பிறழ்ந்து இரத்தப்பழியாகிறது. நேர்மை ஓர் ஒலி பிறழ்ந்து கூக்குரலாகிறது. தமிழில் அறம், அலறல் என ஓர் இணையை நாம் எண்ணிப் பார்க்கலாம். சமூகத்தில் நீதி எவ்வளவு எளிதாகத் தன் போலியாக மாறிவிடுகிறது என்பதை ஓர் எழுத்தின் மாற்றத்தால் காட்டிய கவிஞன் அவன். சிலேடையிலும் மடக்கிலும் திளைத்த தமிழில் இதைச் சொல்லி விளக்க ஒரு பத்திகூடத் தேவையில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதை இலக்கியக் குறை என்று விட்டிருப்போம். தீங்கு இதைவிட ஆழமானது. வாசிக்காத சிந்தனைக்கு எப்போதும் ஓர் எளிய பகைவன் தேவைப்படுகிறான். அவன்தான் பரிசேயன். வெளிவேடக்காரன், சட்டத்தைப் பிடித்துத் தொங்குபவன், இரக்கமற்றவன் என்று ஞாயிறுதோறும் அவன் அடிவாங்குகிறான். யூத சமயம் என்றாலே உயிரற்ற சட்டம் என்னும் எண்ணம் இவ்வாறு விதைக்கப்படுகிறது. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவமல்லாத சமயங்கள் பற்றிய அறிக்கையில், கிறிஸ்துவின் பாடுகளுக்கு அக்கால யூதர் அனைவரையுமோ இக்கால யூதரையோ பொறுப்பாளிகளாக்கக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. யூதரையே கண்டிராத தமிழ்ச் சிற்றூரில் இதனால் என்ன வந்தது என்பீர்கள். வந்தது இதுதான்: முதல் நூற்றாண்டுப் பரிசேயனைத் தூற்றி முடித்த நிறைவில், இருபத்தோராம் நூற்றாண்டின் தெருவைப் பார்க்க வேண்டிய தேவை இல்லாமற்போகிறது. தொழுநோயாளியைத் தொட மறுத்த அன்றைய சமூகத்தைக் கண்டித்துவிட்டு, சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊரின் நடுவே நிம்மதியாக ஆசீர் வழங்கிவிடலாம்.

2008 மார்ச் 9 ஒரு ஞாயிறு. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில், தனிப் பங்கு கோரிய தலித் கத்தோலிக்கருக்கும் ஆதிக்கச் சாதிக் கத்தோலிக்கருக்கும் இடையிலான பகை வன்முறையாக வெடித்தது. காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அது மத்தேயு ஆண்டு. அந்த ஞாயிறுக்கு உரிய முதல் வாசகம், கல்லறைகளைத் திறந்து என் மக்களை வெளிக்கொணர்வேன் என்று கடவுள் வாக்களிக்கும் எசேக்கியேலின் பகுதி. நற்செய்தி, இலாசரின் கல்லறைக் கல் அகற்றப்படும் யோவானின் பகுதி. உலகெங்கும் கத்தோலிக்கக் கோயில்களில் ஒலிக்க வேண்டியிருந்த சொற்கள் அவை. வாசகம் வேறெங்கோ, வாழ்வு வேறெங்கோ என்று எவரும் சொல்ல முடியாதபடி அவை அன்று நம் மண்ணில் வந்து விழுந்தன. ஆண்டுகள் பல கடந்தும், மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அவ்வாசகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த ஞாயிறுக்கான சிந்தனைகளில் நாம் காண்பது என்ன? பாவம் என்னும் கல்லறை, சோம்பல் என்னும் கட்டு, தன்னம்பிக்கை என்னும் உயிர்ப்பு. தமிழ்நாட்டில் கல்லறை என்ற சொல்லை உருவகமாக மட்டும் பயன்படுத்தும் உரிமை எந்த மறையுரையாளருக்கும் இல்லை என்பதே எங்கள் நிலைப்பாடு.

திருச்சபைத் தலைமை இதைப் பேசவில்லை என்றும் சொல்ல இயலாது. 2003 நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டைக் கடிந்து பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. உரோமையும் பேரவையும் பேசியது ஞாயிறு மேடைக்கு வந்து சேராததற்குக் காரணம், வாசகத்திலிருந்து தெருவுக்குச் செல்லும் பாதையைச் சிந்தனைப் பக்கங்கள் கதைகளால் அடைத்து வைத்திருப்பதுதான்.

இதற்கு வழக்கமாக வரும் மறுமொழிகளை அறிவோம். முதலாவது, எளிய மக்களுக்கு எளிய கதைதான் புரியும் என்பது. இதைவிட மக்களை இழிவுபடுத்தும் வாதம் பிறிதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் விரித்தபோது அவர்முன் அமர்ந்திருந்தது ஊர்க்கூட்டம். கேட்டவற்றை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதியதால் ஈடு நமக்குக் கிடைத்தது. ஒரு பாசுரத்தின் ஒரு சொல் ஏன் அங்கு நிற்கிறது என்று கேட்டு அதிலேயே தங்கி நிற்கும் உரைமரபு இம்மண்ணின் சொத்து. கத்தோலிக்க மரபுக்குள்ளேயே பார்த்தாலும், பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் உழைத்த கொங்கணிக் குரு யாக்கோமே கொன்சால்வெஸின் வியாகுலப் பிரசங்கத்தை மீனவர்களும் உழவர்களும் தவக்காலம்தோறும் கேட்டு அழுதார்கள். அதன் நடை எளிய நடை அன்று. நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் கிறிசோஸ்தோம் யோவான், செல்வனும் இலாசரும் பற்றிய ஒரே உவமையை எடுத்துக்கொண்டு அடுக்கடுக்காக உரையாற்றினார். பிறர் பொருளைக் கவர்வது மட்டுமன்று, தன் பொருளை ஏழையோடு பகிராமையும் களவே என்று வணிகநகரத்துச் செல்வர் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் அங்கு வந்து சேர்ந்தது வாசகத்தின் வழியாகத்தான். கடினமானதைக் கேட்கும் ஆற்றல் மக்களிடம் என்றும் இருந்திருக்கிறது. குறைந்தது சொல்வோரின் உழைப்பு.

இரண்டாவது மறுமொழி, நேரமில்லை என்பது. ஓர் அருட்பணியாளர் ஞாயிறன்று மூன்று நான்கு கிளைக் கோயில்களுக்கு ஓட வேண்டியிருக்கிறது என்பது மெய்யே. 2024 ஜூன் 12 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், மறையுரை எட்டு நிமிடங்களைத் தாண்ட வேண்டாம், மக்கள் உறங்கிவிடுகிறார்கள் என்றார். அதே பிரான்சிஸ் 2013இல் எழுதிய திருத்தூது ஊக்கவுரையில், வாசகத்தைப் பொறுமையோடு ஆராய்ந்து தயாரிக்கும் கடமையைப் பற்றி மிக விரிவாகப் பேசியிருந்தார் என்பதை மட்டும் நம்மவர் வசதியாக மறந்துவிடுகின்றனர். எட்டு நிமிடம் போதும். கழுகுக்கு நான்கு நிமிடம் கொடுத்தால்தான் போதாது. மேலும், நேரமில்லாத குருவுக்காகவே இச்சிந்தனை நூல்கள் எழுதப்படுகின்றன. எழுதுவோருக்கு ஆறு நாள் அவகாசம் இருக்கிறதே!

மூன்றாவது ஒன்றையும் சொல்ல வேண்டும். திருச்சபைச் சட்டத்தின் 767ஆம் விதி, மறையுரையைக் குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே உரியதாக்குகிறது. பொதுநிலையினரும் பெண்களும் அம்மேடையில் ஏற முடியாது. அவ்விதி பற்றி இங்கு வழக்காடவில்லை. ஆனால் எழுதப்படும் சிந்தனைக்கு அந்த வேலி கிடையாது. செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளப்பட்ட மரியாவைப் பற்றி, எந்த நாளிலும் படிக்கப்படாத மருத்துவச்சிகளைப் பற்றி, ஒரு பேறுகாலச் செவிலி எழுதலாம். பிலமோன் திருமுகத்தைப் பற்றி ஒரு பண்ணையாளின் பேரன் எழுதலாம். திராட்சைத் தோட்டக் கூலியைப் பற்றி நாட்கூலிக்குச் செல்பவர் சொல்ல, மற்றொருவர் எழுதித்தரலாம். இவ்வளவு அகன்ற வெளியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதையும் மேடைக்குக் குறிப்பு வழங்கும் வேலைக்கே ஒப்படைத்திருப்பது வீண்.

நாம் கேட்பது மிகக் குறைவு. வாசகத்தை அதன் அதிகாரத்தோடு சேர்த்துப் படியுங்கள். வெட்டப்பட்டதை வெட்டப்பட்டது என்று சொல்லுங்கள். மூன்று வாசகங்களையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். ஒன்றை எடுத்து அதில் தங்குங்கள். வாசகத்தில் இல்லாததை இருப்பதாகச் சொல்லாதீர்கள்: விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் முன்னே இயேசு தரையில் என்ன எழுதினார் என்று நற்செய்தி சொல்லவில்லை, குற்றம் சாட்டியோரின் பாவங்களை எழுதினார் என்று நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்? அந்த மௌனம்தான் அக்கதையின் உயிர். அதை நிரப்புவது உரை ஆகாது. புரியாத இடத்தில் புரியவில்லை என்று நின்றாலும் குற்றமில்லை; யோபு நாற்பது அதிகாரம் வரை அப்படித்தான் நின்றார்.

சிற்றிதழ் உலகத்துக்கும் ஒரு சொல். மறையுரை என்றாலே சமயப் பிரசாரம் என ஒதுக்கிவிட்டு, சுவிசேஷங்களை ருஷ்ய நாவல்களின் வழியாக மட்டுமே அறிந்துகொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை. தமிழில் ஒரு பிரதி ஞாயிறுதோறும் உரக்க வாசிக்கப்படுகிறது. அதற்கு மோசமான உரை எழுதப்படுகிறது. இதைக் கண்டும் வாளாவிருக்கும் விமரிசனம், தன் வாசகர்கள் ஐந்நூறு பேர் மட்டுமே என்று புலம்பும் உரிமையை இழந்துவிடுகிறது. மூவாண்டுச் சுழற்சியின் நன்மை என்னவென்றால், விட்ட ஞாயிறு மீண்டும் வரும். பிலமோன் மறுபடி வாசிக்கப்படுவார். எசேக்கியேலின் கல்லறைகள் மறுபடி திறக்கும். அன்றைக்காவது அந்த வாசகத்துக்கு நம் ஊரில் ஒரு வாசகர் இருக்க வேண்டும்.